பேறுகாலத்தில் சீன மூலிகை மருந்து: பிரசவம் முதல் பால் கொடுக்கும் காலம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தமிழ்ப் பெண் பிரசவித்து வீடு திரும்பும் முன்பே மருந்துகள் வீடு வந்து சேர்ந்துவிடுகின்றன. அம்மா கிண்டிய பிரசவ லேகியம் ஒரு டப்பாவில் இருக்கும். பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் கொடுத்த, டாங் குவெய் என்ற மருந்து வேரின் பொட்டலம் அலமாரியில் இருக்கும். அலுவலகத் தோழி பரிசளித்த முப்பது நாள் மூலிகைப் பெட்டி பளபளப்பான காகிதத்தோடு மேசையில் இருக்கும். சில வீடுகளில் மலாய்க்காரர்களின் மூலிகை மருந்தான ஜாமுவும் சேரும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் பல தலைமுறை பழகிய மருந்துதான். எல்லாவற்றையும் ஒரே வயிற்றில் ஒரே வாரத்தில் போட்டுப் பழகிய தலைமுறை மட்டும் கிடையாது.

சீனர்களின் பேறுகால வழக்கமும் நம் பத்தியமும் ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன: பிரசவித்த உடம்பு குளிர்ந்து, ரத்தம் இழந்து கிடக்கிறது, சூடு கொடு, ரத்தம் ஊற வை, கருப்பையில் தங்கிய அழுக்கை வெளியேற்று. அந்த வழக்கத்தை விட்டுவிடு என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு மாத ஓய்வும் சுடச்சுட சூப்பும் எந்தத் தாய்க்கும் வேண்டியவையே. நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: பெயரும் எடையும் தெரியாத எதையும் பால் கொடுக்கும் தாய் குடிக்கக் கூடாது. கீழே உள்ள படிகளெல்லாம் அதைச் செய்து முடிப்பதற்கான வழிகளே.

முதல் படி: உணவு எது, மருந்து எது என்று பிரியுங்கள்

வீட்டிலுள்ள அனைத்தையும் மேசையில் பரப்புங்கள். சிவப்புப் பேரீச்சை (சீன இலந்தை), உலர்ந்த லோங்கான், இஞ்சி, கறுப்பு எள், கோஜி பழம், காளான் ஆகியவை சமையலறைப் பொருள்கள். சூப்பிலோ தேநீரிலோ சமையல் அளவில் சேர்ப்பதால் பெரும்பாலானோருக்குத் தொல்லை இல்லை. டாங் குவெய், சுவான் சியோங், ஜின்செங், ஹுவாங் சி, கான் சாவ், இன்னும் நீங்கள் பெயர் அறியாத பட்டைகள், வேர்கள், விதைகள் ஆகியவை மருந்து. சூப் சட்டியில் மிதப்பதால் மருந்து உணவாகிவிடாது. 1999-இல் ஒரு மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது: பிரசவித்து மூன்று வாரமான ஒரு தாய்க்கு டாங் குவெய் சூப் குடித்தபின் ரத்த அழுத்தம் ஏறியது, பால் குடித்த குழந்தைக்கும் ஏறியிருந்தது. ஒரே ஒரு நிகழ்வு எதையும் நிரூபித்துவிடாது என்றாலும், 'வெறும் சூப்தானே' என்று யாராவது சொல்லும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படியிலேயே நம் லேகியத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். நம் அதிமதுரமும் சீனர்களின் கான் சாவும் நெருங்கிய உறவுள்ள செடிகளின் வேர்கள். இரண்டிலும் ஒரே வேதிப்பொருள் உண்டு. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். கான் சாவ் பெரும்பாலான சீனக் கஷாயங்களில் சிறு அளவிலாவது இருக்கும். லேகியத்தில் அதிமதுரமும் கஷாயத்தில் கான் சாவும் சேர்ந்தால் அளவு இரட்டிப்பாகும். சுக்கின் அளவும் இப்படியே இரட்டிப்பாகும். எனவே முதல் மாதத்தில் ஒரு மருத்துவ முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அம்மாவின் லேகியமா, சீனக் கஷாயமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். யார் முகம் கோணினாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சீட்டு

உங்களுக்குத் தந்த மாத்திரைகள், ஊசிகள், கர்ப்பகாலத்தில் இருந்த நோய்கள், பிரசவத்தின்போது இழந்த ரத்தம், குழந்தையின் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். சீன மருத்துவரிடமும் கடைக்காரரிடமும் காட்ட வேண்டிய தாள் இது.

ரத்தம் உறையாமல் இருக்க எனாக்சபரின் ஊசியோ வார்ஃபரின் மாத்திரையோ பெறுபவர்கள் டாங் குவெய், சுவான் சியோங் இரண்டையும் தொடவே வேண்டாம். சிசேரியன் ஆனவர்களில் சிலருக்கு இந்த ஊசி பத்து நாளும், சிலருக்கு ஆறு வாரமும் தொடரும். டாங் குவெய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டியதாகப் பதிவுகள் உண்டு. கோஜி பழத்துக்கும் அப்படிப்பட்ட பதிவுகள் இருப்பதால் இவர்களுக்கு மட்டும் அதுவும் சமையல் பொருள் அல்ல. அமெரிக்க ஜின்செங்கோ நேர் எதிராக வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கிறது. மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் எடுக்கும் நாள்களிலும் ரத்தத்தை ஓட்டும் மூலிகைகளைத் தள்ளிவையுங்கள்.

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்குக் கான் சாவும் ஜின்செங்கும் ஆகாது. பிரசவத்தோடு அந்த அபாயம் முடிந்துவிடுவதில்லை. ஆறு வாரம் வரை அழுத்தம் திடீரென ஏறலாம். சர்க்கரை நோய் இருந்தவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில்: சிவப்புப் பேரீச்சையும் லோங்கானும் போட்டுக் கொதிக்க வைத்து, நாள் முழுவதும் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கும் அந்தத் தேநீர் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்தான். பச்சைத் தண்ணீரே குடிக்கக் கூடாது என்ற விதியை எந்தத் தாயும் பின்பற்ற வேண்டியதில்லை. வெந்நீர் குடியுங்கள், சண்டை முடிந்துவிடும்.

'மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்' என்பார்கள். வயிற்றில் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க அது உதவும். ரத்தத்தில் இரண்டும் சந்திப்பதை அது தடுக்காது.

மூன்றாம் படி: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

சிங்கப்பூரில் சீன மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 2000-இல் வந்தது. பதிவு பெற்றவர்களின் பெயர்களை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். மலேசியாவில் பாரம்பரிய மருத்துவச் சட்டம் 2016-இல் வந்தது. கடையில் இழுப்பறைகளைத் திறந்து மூடுபவர் அனுபவசாலியாக இருக்கலாம். அதனால் அவர் மருத்துவர் ஆகிவிட மாட்டார். பேறுகாலத்துக்கென வீட்டோடு வந்து தங்கும் பணிப்பெண்ணும் அப்படியே. குழந்தையைக் குளிப்பாட்டுவதில் அவர் கைதேர்ந்தவர் என்பதற்காக மருந்துக்கு அளவு சொல்லும் வேலையையும் அவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

நல்ல சீன மருத்துவர் நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், உதிரப்போக்கின் நிறத்தையும் அளவையும் கேட்பார், நீங்கள் கேட்காமலே 'பால் கொடுக்கிறீர்களா' என்பார். உங்கள் தாளை வாங்கிப் படிக்காதவரிடம் மருந்து வாங்க வேண்டாம்.

நான்காம் படி: பொட்டலம் வாங்கும் முறை

தயாரித்து அடைத்து விற்கும் மாத்திரை, குளிகை, தூள் என்றால் மலேசியாவில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு எண்களுக்குப் பின் 'டி' என்று முடியும் பதிவெண்ணும், ஹோலோகிராம் முத்திரையும் பெட்டியில் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் தட்டிப் பாருங்கள். அதே பெயர் வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் தேட வேண்டும். கடையில் நிறுத்துத் தரும் காய்ந்த மூலிகைகளுக்கு இப்படிப்பட்ட பதிவெண் இல்லை. அங்கே கண்ணும் மூக்கும் சீட்டும்தான் துணை.

சீட்டில் ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் சீன எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். எடை கிராமில் இருக்கட்டும். பழைய கடைகளில் 'சியென்' என்பார்கள். இங்கே ஒரு சியென் சுமார் 3.75 கிராம், சீனாவில் அதையே 3 கிராம் என்று வைத்துவிட்டார்கள். சீனாவில் அச்சான சீட்டை இங்குள்ள தராசில் நிறுத்தால் கால் பங்கு கூடிவிடும். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். டாங் குவெய்க்குச் செலரியை நினைவூட்டும் கனமான மணம் உண்டு. வெட்டு முகம் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். காகிதம்போல் வெளுத்து, மூக்கைக் குத்தும் புளித்த வாடை வந்தால் கந்தகப் புகை போட்டிருக்கிறார்கள். கோஜி பழம் பிளாஸ்டிக் சிவப்பில் மின்னினாலும் அதே சந்தேகம்தான். டாங் குவெய், டாங் ஷென் இரண்டும் வேறு வேறு வேர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் கேட்டு வாங்குபவர்கள் அடிக்கடி குழம்புவது இங்கேதான்.

பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரமே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிய சீன மூலிகை மாத்திரை எடுத்த பெண்களில் ஏறத்தாழ நூறு பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்கு முற்றிலும் செயலிழந்தது. மாத்திரையில் இருக்க வேண்டிய 'ஃபாங் ஜி' வேருக்குப் பதிலாக, பெயரில் ஒத்த ஆனால் ஆடுதின்னாப்பாளை இனத்தைச் சேர்ந்த வேறொரு வேர் கலந்திருந்தது. அந்த இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அரிப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு இது ஏன் முக்கியம்? பால் சுரக்கக் கொடுக்கும் மூலிகைகளில் 'தோங் சாவ்' ஒன்று, 'மு தோங்' ஒன்று. மு தோங் என்ற பெயரில் விற்றவற்றில் ஒரு வகை இதே இனத்துக் கொடி. சீனா 2003-இல் அந்த வகையை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சீட்டில் 'மு தோங்' என்று கண்டால் அதை நீக்கச் சொல்லுங்கள். இலேசான, வெள்ளை நிற, தெர்மாகோல் போன்ற தண்டுத் துண்டுகளாக இருப்பது தோங் சாவ். அதைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம்.

ஐந்தாம் படி: எந்த நாளில் எது

முப்பது நாள் பெட்டியின் குறை இங்கேதான் தெரிகிறது. சுகப்பிரசவமான இருபத்தைந்து வயதுக்காரிக்கும், சிசேரியனில் நிறைய ரத்தம் இழந்த நாற்பது வயதுக்காரிக்கும் முதல் நாள் பொட்டலம் ஒன்றே.

முதல் வாரத்தில் பெயர் பெற்றது 'ஷெங் ஹுவா தாங்'. 17-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஃபூ ஷான் எழுதிவைத்த கஷாயம் இது. டாங் குவெய், சுவான் சியோங், பீச் பழக் கொட்டை, கருக வறுத்த இஞ்சி, வறுத்த கான் சாவ் என்று ஐந்தே சரக்கு. மூல முறையில் மதுவும் சிறுவனின் சிறுநீரும் சேர்த்துக் காய்ச்சச் சொல்லியிருக்கிறது; பாரம்பரியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் பின்பற்றுவதாகச் சொல்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கருப்பையில் தங்கிய கட்டி ரத்தம் வெளியேறத்தான் இந்தக் கஷாயம். அந்த வேலை முடிந்தபின் தொடர்ந்தால் உதிரப்போக்கு நிற்காமல் நீளும். மருத்துவமனையில் கருப்பை சுருங்க மாத்திரை தந்திருந்தால் அது முடியும் வரை ஷெங் ஹுவா தாங் வேண்டாம். இரண்டும் கருப்பையைச் சுருக்கும் நோக்கம் கொண்டவை. ரத்தம் அதிகம் போகும்போதும், காய்ச்சல் இருக்கும்போதும், நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்போதும் அது கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னதற்குக் கஷாயத்தை நம்பினால் உயிருக்கே ஆபத்து. சிசேரியன் ஆனவர்கள் மகப்பேறு மருத்துவர் சம்மதிக்கும் வரை தொடக்கமே வேண்டாம். மருத்துவர் அனுமதித்தாலும் சில நாள்களோடு நிறுத்துவதுதான் வழக்கம்.

ரத்தம் ஊற 'ஸு வூ தாங்', பலம் பெற 'பா ஜென் தாங்' போன்றவை உதிரப்போக்கு நன்றாகக் குறைந்து, காய்ச்சல் இல்லாமல், பசி திரும்பிய பிறகே. இதைச் சீன மருத்துவமே சொல்கிறது: உள்ளே அழுக்கு இருக்கும்போது பலம் கொடுத்தால் பலம் பெறுவது அழுக்குதான். ரத்தசோகை இருந்தால் ஹீமோகுளோபினைப் பரிசோதித்து, தந்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் எடுங்கள். கஷாயம் அதற்கு மாற்று ஆகாது.

ஆறாம் படி: காய்ச்சுவதும் தொடங்குவதும்

மண் சட்டி, கண்ணாடி, எவர்சில்வர் ஏதாவது ஒன்று போதும். அலுமினியமும் இரும்பும் வேண்டாம். மூலிகைகளை ஒருமுறை அலசி, மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்கும் அளவு குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மருத்துவர் சொன்ன நேரம் வரை காய்ச்சுங்கள். அன்றைக்குக் காய்ச்சியது அன்றைக்கே. மறுநாளுக்கு மீந்ததைக் கொட்டிவிடுங்கள், விலை எவ்வளவு ஆனாலும்.

முதல் நாள் பாதி அளவு, காலையில், குழந்தை பால் குடித்து முடித்தவுடன். இரவில் முதல்முறையாக எதையும் குடிக்க வேண்டாம். குழந்தைக்கு ஏதாவது ஆனால் உதவிக்கு ஆள் தேடும் நேரம் அது இல்லை. ஒரு கஷாயம் தொடங்கி மூன்று நாள் வரை வேறு புதிய சரக்கு எதுவும் சேர்க்காதீர்கள். குழந்தைக்குத் தடிப்பு, வழக்கத்தை மீறிய பேதி, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது, தூங்காமல் துடிப்பது ஆகியவற்றைக் கவனித்துத் தாளில் குறித்து வையுங்கள். மலச்சிக்கல் மருந்தாகத் தரும் 'தா ஹுவாங்' பாலில் இறங்கிக் குழந்தையின் வயிற்றைக் கலக்கக்கூடும். சளி மருந்துகளில் வரும் 'மா ஹுவாங்' குழந்தையைத் தூங்கவிடாது. அதிலுள்ள சூடோஎபெட்ரின் பாலையும் குறைக்கும்.

ஏழாம் படி: பால் சுரப்புக்காக என்றால்

பால் போதவில்லை என்று தோன்றும்போது குழந்தையின் ஈரத் துணிகளை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறுக்கு மேல் நனைந்தால், எடையும் ஏறினால், பால் போதுகிறது. போதாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது குழந்தை வாய் வைக்கும் விதம். அதைத் திருத்த மருத்துவமனையில் தாய்ப்பால் ஆலோசகர் இருக்கிறார். வாய் சரியாகப் பொருந்தாத குழந்தைக்கு எந்த மூலிகையும் பால் ஊட்டித் தராது. பப்பாளிக் காயும் மீனும் போட்ட சூப்பைத் தாராளமாகக் குடியுங்கள்; அது நல்ல உணவு.

பாலைக் குறைக்கும் சரக்கு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வரும்: 'மாய் யா', அதாவது முளைகட்டிய பார்லி. பாலை நிறுத்த விரும்பும் தாய்க்குச் சீன மருத்துவர்கள் அதைத்தான் அதிக அளவில் தருகிறார்கள். செரிமானத்துக்கென விற்கும் பல சீனத் தேநீர்களிலும் தூள்களிலும் அது உண்டு. வயிறு உப்பசம் என்று குடித்துவிட்டு, பால் ஏன் வற்றியது என்று தேடாதீர்கள்.

பால் கட்டினால் எறும்புண்ணியின் செதில் சேர்ந்த மருந்தை யாராவது பரிந்துரைக்கலாம். மறுத்துவிடுங்கள். அந்த விலங்கின் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. சீனாவே 2020-இல் அதன் செதிலைத் தன் மருந்து நூலிலிருந்து எடுத்துவிட்டது. மார்பு சிவந்து காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அதற்கு மருத்துவர் தேவை.

மதுவையும் இங்கேயே பேசிவிடலாம். ஹக்கா சீனர் வீடுகளின் மஞ்சள் மதுக் கோழி, மலேசியாவின் சித்தியவான், சிபு ஊர்களின் சிவப்பு மதுக் கோழி, நல்லெண்ணெயும் இஞ்சியும் மதுவும் சேர்ந்த கோழி சூப் எல்லாம் மணமானவை. கொதித்தால் மது ஆவியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில் 5. தண்ணீருக்குப் பதில் மதுவையே ஊற்றிச் செய்யும் சட்டியில் 40 சதவீதம் சிறிய அளவல்ல. குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பாலில் மதுவின் அளவு உச்சத்தில் இருக்கும். பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதால் அது சீக்கிரம் இறங்காது, நேரம்தான் இறக்கும். ஆகவே இரண்டரை மணி நேரம் காய்ச்சுங்கள். இல்லையெனில் பால் கொடுத்தவுடன் சாப்பிட்டு, அடுத்த பாலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். முதல் மாதத்தில் அவ்வளவு நேரம் விடாத குழந்தைகளே அதிகம் என்பதால், மதுவை விட்டுவிட்டு இஞ்சியை இரட்டிப்பாக்குவது என் யோசனை.

எட்டாம் படி: குழந்தை வாயில் எதுவும் வேண்டாம்

மஞ்சள் காமாலை போக ஹுவாங் லியன் என்ற மூலிகையின் நீரைச் சொட்டு விடும் வழக்கம் சீன வீடுகளில் இருந்தது. அதிலுள்ள பெர்பரின் என்ற பொருள், காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் பிலிரூபினை ரத்தப் புரதத்தின் பிடியிலிருந்து விடுவித்து மூளைக்குள் போக வழி செய்யும் என்ற அச்சத்தால் சிங்கப்பூர் 1978-இல் அதைத் தடை செய்தது. 2013-இல் தடையைத் தளர்த்தியபோதும் பச்சிளங்குழந்தைகளுக்கு அது ஏற்றதாகிவிடவில்லை. ஜி6பிடி குறையுள்ள குழந்தை என்றால் தாயும் ஹுவாங் லியன் சேர்ந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும். துணி அலமாரியில் அந்துருண்டையும் இருக்கக் கூடாது. இந்தக் குறை சீன, மலாய்க் குழந்தைகளிடம் அதிகம், இந்தியக் குழந்தைகளிடம் குறைவு. ஆனாலும் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் 1965 முதலே தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்துவருகிறது. குழந்தைக்கு மஞ்சள் இருக்கும் நாள்களில் தாயின் எல்லா மூலிகைகளையும் நிறுத்திவையுங்கள். தைலமும் கற்பூர எண்ணெயும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். குழந்தையின் மார்பிலோ தாயின் மார்பிலோ பூசவே வேண்டாம்.

உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனை போக வேண்டியவை

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, முட்டை அளவுக் கட்டிகள், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள உதிரம், கண் மங்கலோடு தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சிரைப்பு, நெஞ்சு படபடப்பு, கண்ணோ தோலோ மஞ்சளாவது. குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுவதும் இந்தப் பட்டியலில் சேரும். அதற்கு மனநல மருத்துவர் வேண்டும், சூடு தரும் கஷாயம் போதாது. போகும்போது பொட்டலத்தையும் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் திட்டுவார் என்று மறைத்தால் அவர் தவறான மருந்தைத் தரக்கூடும்.

மூன்றாம் மாதம் வரும் தலைமுடிப் பயம்

குளியலறையில் கொத்துக் கொத்தாக முடி உதிரத் தொடங்கும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலான பெண்களுக்கு இது நடக்கும். ஓர் ஆண்டுக்குள் பெரும்பாலும் தானே சரியாகும். அந்த வேளையில் கடைக்காரர் எடுத்து நீட்டுவது 'ஹே ஷோ வூ', கறுகறுவென்ற வேர்த்துண்டு. கல்லீரலைப் பாதித்ததாக இந்த மூலிகைக்கு உலகெங்கும் பதிவுகள் உண்டு. பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2006-இலேயே எச்சரித்தது. உதிரும் முடிக்காகக் கல்லீரலைப் பணயம் வைக்க வேண்டாம். இணையத்தில் விற்கும் 'பிரசவத் தொப்பை' தேநீர்களுக்கும் இதே பதில்: பதிவெண் இல்லாதவற்றில், தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் போன்ற மருந்துகளை மறைத்துக் கலப்பது அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடிக்கும் குற்றம்.

ஏதாவது ஒரு மூலிகையின் பெயர் கையில் இருந்தால், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் 'லாக்ட்மெட்' தளத்தில் இலவசமாகத் தேடலாம். பல சீன மூலிகைகளுக்கு அங்கே 'தரவு இல்லை' என்றுதான் வரும். அப்போது பாதுகாப்பு உறுதியாகவில்லை என்று எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகி வேறு உணவும் தொடங்கும் வரை அந்த மூலிகையைத் தள்ளிவையுங்கள்.